கழுத்தில் நெட்டி எடுத்தால் கை வேகமாகுமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஹட்டன் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறேன். ஒரு வருடமாகக் கழுத்து வலி. முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துவிடுகிறார். அன்றைக்குக் கை லேசாகி, கிளட்சும் கியரும் சட்டென்று பிடிபடுகின்றன. சில நாளில் பழையபடி மந்தம். மாதா மாதம் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, கை லேசாவது வெறும் கற்பனை இல்லை. மூட்டை அசைத்துவிட்டால் சுற்றியுள்ள தசையின் இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குத் தளரும், வலியும் குறையும். வலி இருக்கும்வரை கவனத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுவதால், வலி விட்டதும் கை சுறுசுறுப்பாகத் தெரியும். அந்த 'டக்' சத்தம் விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நினைக்க வேண்டாம். மூட்டுக்குள் உள்ள திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது அது. சத்தமில்லாமல் மூட்டை அசைத்தாலும் வலி குறையும்.

சரி, கை உண்மையில் வேகமாகிறதா? வெளிச்சத்தைக் கண்டு விரலால் ஒரு பொத்தானை அழுத்த நம்மில் பலருக்கு 200 முதல் 250 மில்லிசெக்கன் எடுக்கும். கை நரம்பு செக்கனுக்கு 50, 60 மீற்றர் வேகத்தில் செய்தி கடத்துவதால், கழுத்திலிருந்து விரலுக்கு வர 15 மில்லிசெக்கன் அளவே போதும். மிச்சத்தில் பெரும்பகுதி கண்ணிலும் மூளையிலும் கழிகிறது. மூட்டிலிருந்து போகும் உணர்வு மாறினால் மூளையின் வேலையும் மாறும் என்கிற ஆய்வாளர்கள் உண்டு. சிகிச்சை முடிந்த கையோடு அளந்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வேகம் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. ஆனால் ஒரே சோதனையை இரண்டாம் தரம் செய்தாலே பழக்கத்தால் யாருக்கும் வேகம் கூடும். சிகிச்சை எடுக்காதவர்களையும் அதேபோல அளந்து ஒப்பிடாத கணக்கை நான் நம்புவதில்லை.

10 மில்லிசெக்கன் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 11 சென்ரிமீற்றர் தூரம். இரவு ஹயர் ஓடிவிட்டுத் தூங்காமல் விடிய வண்டி எடுத்தாலோ, தடிமனுக்குத் தூக்கம் வரவைக்கும் பிரிட்டன் (Piriton) குளிசை போட்டுக்கொண்டு ஓட்டினாலோ இழப்பது அதைவிட அதிகம். காலைக் குளிரில் கை விறைத்தால் நரம்பு கடத்தும் வேகமே குறைந்துவிடும். கையுறைக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

எனக்குக் கவலை, கை திரும்பத் திரும்ப மந்தமாவதுதான். கையை நீட்டி விரல்களை முழுக்க விரித்து விரித்து மூடிப் பாருங்கள். 10 செக்கனில் 20 தரம் வர வேண்டும். அவ்வளவு வராவிட்டால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், படி இறங்கும்போது கால் தள்ளாடினால், கழுத்தில் தண்டுவடம் நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருக்கையில் கழுத்தை முறுக்கினால் கை கால் விளங்காமலே போகலாம். இன்னொன்று, இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, எழும்பிக் கையை உதறினால் சுகமாகிறதா? அப்படியென்றால் நரம்பு நெரிபடும் இடம் மணிக்கட்டாக இருக்கலாம். நாள் முழுக்கக் கிளட்ச் பிடிக்கும் கைக்கும் வரும், கொழுந்து பறிக்கும் கைக்கும் வரும். அதற்குக் கழுத்தில் நெட்டி எடுத்துப் பயனில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியே பலருக்கு நல்ல சுகம் தரும்.

கழுத்தைத் திடீரென்று முறுக்கும்போது மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதும் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் மீள்வது கஷ்டம். நெட்டி எடுத்தபின் இதுவரை இல்லாத தலையிடி, தலைசுற்று, பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறல், இதில் எது வந்தாலும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று படுக்காதீர்கள். உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் ஓட்டத்தை விட்டுவிட்டு ஆதார வைத்தியசாலைக்குப் போய்க் கழுத்தையும் கையையும் காட்டுங்கள். சீனி இருக்கிறதா என்று இரத்தமும் பார்த்துவிடுங்கள், அதுவும் நரம்பைக் கெடுக்கும். தண்டுவடத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் பிசியோதெரபிக்கு எழுதித் தருவார்கள். அங்கே மூட்டை மெதுவாக அசைத்துவிட்டு, வீட்டில் செய்யப் பயிற்சியும் சொல்லித் தருவார்கள். அதுவரைக்கும் கழுத்தை யாரிடமும் முறுக்கக் கொடுக்க வேண்டாம்.