சர்க்யூட் போர்டுக்குத் துளை போட எந்த ஸ்பிண்டில்?

கேள்வி: காட்பாடியில் யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போர்டில் துளை போடச் சிறு இயந்திரம் ஒன்றைச் சொந்தமாகச் செய்து வருகிறேன். பித்தளை சக் (பிட்டைப் பிடிக்கும் தலை) மாட்டிய 775 மோட்டார் போதுமா, 500 வாட் ஸ்பிண்டிலே (பிட்டைப் பிடித்துச் சுழற்றும் மோட்டார் தொகுதி) வாங்கிவிடலாமா? இப்போது கையில் பிடித்துத் துளைப்பதில் 0.8 மி.மீ. கார்பைடு பிட்டுகள் ஒடிந்துகொண்டே இருக்கின்றன.

பதில்: கையில் பிடித்தால் கார்பைடு ஒடியத்தான் செய்யும், பிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடி இழை போர்டை அது சளைக்காமல் துளைக்கும், பக்கவாட்டு அழுத்தத்தை மட்டும் துளியும் தாங்காது. ஆகவே வாட்டை மறந்துவிடுங்கள். 0.8 மி.மீ. துளைக்கு 500 வாட் வீண். பார்க்க வேண்டியது ஆட்டம், அதாவது சுற்றும்போது பிட் மையத்தை விட்டு எவ்வளவு விலகி ஆடுகிறது என்பது.

பித்தளை சக்கை வாங்கவே வேண்டாம் என்பேன். அதை ஷாஃப்டில் பிடித்திருப்பது பக்கவாட்டுத் திருகு. முடுக்க முடுக்க மையம் ஒரு பக்கம் விலகும். ஈ.ஆர்.11 என்ற அளவுக் காலெட் (பிட்டின் தண்டைச் சுற்றிலும் சமமாக இறுக்கும் பிளவு வளையம்) உள்ளதாகத் தேடுங்கள். அதிலும், காலெட் உட்காரும் கூம்பு ஷாஃப்டிலேயே கடையப்பட்டதா, தனித் துண்டாகச் செருகித் திருகு போட்டதா என்று கேளுங்கள். செருகியது என்றால் பழைய கதைதான். கார்பைடு பிட்டின் தண்டு பெரும்பாலும் 3.175 மி.மீ.; 3 மி.மீ. காலெட்டில் அது நுழையாது. சரியான அளவைக் கேட்டு வாங்குங்கள்.

775 என்பது மோட்டாரின் உடல் அளவு, வேகமல்ல. ஒரே எண்ணில் மந்தமானதும் வரும், வேகமானதும் வரும். எத்தனை வோல்ட்டில் எத்தனை சுற்று, உள்ளே பால் பேரிங்கா வெறும் புஷ்ஷா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சுற்று 10,000-க்குக் கீழே என்றால் எனக்கு விருப்பமில்லை; 20,000 கிடைத்தால் நல்லது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ராணிப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை; ஒன்றில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) கேளுங்கள். ஸ்பிண்டிலை வைஸில் பிடித்து, பிட்டின் தண்டில் கேஜ் முனையை வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோடு 0.01 மி.மீ. முள் ஐந்து கோட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு, மூன்றுக்குள் நின்றால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளலாம். ஷாஃப்டை மேலும் கீழும் இழுத்தும் பாருங்கள். 'டக்' என்று அசைந்தால் வேண்டாம்.

பில்லில் எழுதியதற்கு மாறான பொருளைத் தந்துவிட்டு விற்றவர் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.