பினாங்குச் சித்தப்பாவும் தேவகோட்டை வீடும்

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது விளையாட்டாக மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். பினாங்கில் 1944-ல் பிறந்த ஒருவர் சுமார் 13 சதவீதம் பொருந்துகிறார். எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய், ஜப்பான்காரன் காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர். 1968-ல் உயில் எழுதாமல் காலமானார். தேவகோட்டை வீட்டை விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டோம். அப்பத்தா தனியாகக் கிடந்து குடும்பத்தைக் காப்பாற்றியிருக்க, எவனோ வந்து பங்கு கேட்பதா?

பதில்: அப்பத்தா பட்ட பாட்டுக்கு வாரிசுச் சட்டத்தில் இடம் இல்லை. பரிசோதனை முடிவும் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய ஆயுதம் அல்ல. வேறு தாய்க்குப் பிறந்த சித்தப்பாவுக்கும் அதே அளவு பொருந்தும். சொந்தப் பெரியப்பா மகனுக்கும் பொருந்தும்.

கேள்வி ஒன்றுதான்: ஐயா அந்த அம்மாளைத் திருமணம் செய்தாரா? இல்லையென்றால், பெற்ற மகனே ஆனாலும் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தை சொத்தில் அவருக்கு இடமில்லை. செய்திருந்தால், உங்கள் அப்பச்சியை (தந்தையை) போல அவரும் முதல் வகுப்பு வாரிசு. மூத்த தாரம் இருந்தாரே என்பது எடுபடாது. சென்னை மாகாணத்தில் இருதார மணத்துக்குத் தடை வந்ததே 1949-ல்தான். இசைகுடிமானம் (நகரத்தார் திருமணப் பதிவு ஓலை) எழுதவில்லை என்பதும் போதாது. பல ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்ததைக் காட்டினால், திருமணம் நடந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்கும்.

இனி, நீங்கள் பினாங்குக்காரருக்கு எழுதி, இங்கே இணைத்திருக்கும் மின்னஞ்சல். 'ஐயாவின் இளைய மனைவியின் மகனான தங்களை வணங்குகிறேன்' என்று எழுதி, ஐயாவின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் கேட்டது படம் மட்டும். அவரால் நிரூபிக்க முடியாமல் போயிருக்கக்கூடிய ஒன்றை நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டீர்கள். சட்டத்தில் இதற்கு ஒப்புதல் என்று பெயர். என் கட்சிக்காரர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சதாபிஷேக மலரில் வம்சாவளி அச்சடிக்கும்போது பாசத்தில் ஒரு பெயரைச் சேர்ப்பார்கள். அந்த மலர் எதிர்த்தரப்புச் சான்றாவணமாக வந்து நிற்கும். அதற்காக அழிக்கக் கிளம்பாதீர்கள். ஐயாவின் கடிதங்கள், கிட்டங்கிப் பேரேடு (அங்கே தொழில் நடத்திய இடத்தின் கணக்குப் புத்தகம்) எதையும் தொடவேண்டாம். அழித்தது தெரிந்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்வார்கள்.

அதைவிடப் பெரிய குழி கிரயம். 'வேறு வாரிசுகள் யாரும் இல்லை' என்று பத்திரத்தில் எழுதித்தான் விற்பீர்கள். தெரிந்தே எழுதினால் நாளை வாங்கியவரே உங்கள்மீது மோசடிப் புகார் கொடுப்பார். எண்பது வருடம் எங்கே போனான் என்று கேட்டும் பயனில்லை. ஒரு பங்காளியின் அனுபோகம் எல்லாப் பங்காளிகளுக்குமானது, அவரை விலக்கி வைத்ததை வெளிப்படையாகக் காட்டினால்தான் அவர் உரிமை காலாவதியானது என்று பேசலாம்.

சமாதானமாகப் போய்விடுங்கள். வழக்கு முடியும்வரை வளவில் வௌவால்தான் குடியிருக்கும். உரிமையை ஒப்புக்கொள்ளாமலே, தகராறைத் தீர்ப்பதற்காக என்று எழுதி, ஒரு தொகை கொடுத்து, குடும்ப ஏற்பாட்டைப் பதிவு செய்யுங்கள். உறுதியான உரிமை இல்லாவிட்டாலும், நியாயமான கோரிக்கை இருந்தாலே அத்தகைய ஏற்பாடு செல்லும் என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் வயதுக்குப் பயணம் வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தம் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதுவரை அவருக்கு நீங்கள் எழுதும் எந்த மடலும் உங்கள் வழக்கறிஞர் கண்ணில் படாமல் போகக்கூடாது.