இஸ்ரேலில் 10 வார இன்டர்ன்ஷிப்: நகையை அடகு வைப்பதா, சேமிப்பை எடுப்பதா?

கேள்வி: நான் திருச்சியில் பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இஸ்ரேலில் ரெஹோவோத் என்ற ஊரில் ஓர் ஆய்வகத்தில் கோடை விடுமுறைக்கு 10 வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. தங்கும் அறை இலவசம். மாதம் 3,000 ஷெக்கல் ஸ்டைபண்ட், அதுவும் மாதக் கடைசியில்தான் தருவார்களாம். விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் என் பொறுப்பு. அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டுச் சேமிப்பு 80,000 ரூபாய். அதை முழுவதும் எடுத்துவிட்டு, பற்றாக்குறைக்கு மட்டும் அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. ஸ்டைபண்டை மிச்சம் பிடித்து நகையை மீட்க முடியுமா? திரும்பும்போது அம்மாவுக்கு ஏதாவது வாங்கி வர ஆசை, அதற்குக் காசு மிஞ்சுமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். மூன்றாம் ஆண்டிலேயே வெளிநாட்டு ஆய்வகத்தில் நின்று வேலை பார்ப்பது, பின்னால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது பெரிய பலம். ரெஹோவோத்தில் வைஸ்மன் அறிவியல் நிறுவனம் இருப்பதால் ஆராய்ச்சிக்கென்றே வரும் இந்தியர்கள் அந்த ஊரில் நிறைய. தனியாக விடப்பட்டதுபோல இருக்காது.

கணக்குக்கு வருவோம். ஒரு ஷெக்கல் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போகும்போது அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மாதத்துக்கு உங்கள் ஸ்டைபண்ட் 7,500 ஷெக்கல், அதாவது 1,87,500 ரூபாய். பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் இஸ்ரேல் விலைவாசி கடுமையான நாடு. கொண்டைக்கடலை வடை வைத்த ஃபலாஃபெல் பீட்டா ரொட்டி ஒன்று 20 முதல் 25 ஷெக்கல். நம் கணக்கில் 500, 600 ரூபாய். உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் 15 ஷெக்கல் போய்விடும். தினமும் வெளியில் சாப்பிட்டால் மாதக் கடைசிக்குள் ஸ்டைபண்ட் தீர்ந்துபோகும்.

சமைத்துச் சாப்பிட்டால் கதையே வேறு. அங்கே பொருள்களுக்கு 18 சதவீத வாட் உண்டு, ஆனால் பழம், காய்கறிக்கு அந்த வரி கிடையாது. சந்தையில் தக்காளி, வெள்ளரி, கத்திரிக்காய், கொண்டைக்கடலை எல்லாம் கிடைக்கும். பக்கத்து ஊரான ராம்லாவில் இந்தியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்கள் இருக்கின்றன. பருப்பு, மசாலா சாமான் விற்கும் கடைகளும் அங்கே உண்டு. சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துப்போங்கள். மின்சாரம் நம்மூர் மாதிரி 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். இப்படி இருந்தால் சாப்பாட்டுக்கு மாதம் 1,200 ஷெக்கல் போதும். 10 வாரத்துக்கு 3,000. பஸ், ரயில், சிம் கார்டு எல்லாம் சேர்த்து 500. ஊர் சுற்ற 1,000, அவ்வளவு தூரம் போய் ஜெருசலேம் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எதிர்பாராத செலவுக்கு 500. ஆக 5,000 ஷெக்கல் செலவு, 2,500 மிச்சம். ரூபாயில் 62,500.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம்தான். யூதர்களின் ஓய்வு நாளான ஷப்பாத் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவுதான் முடியும். மதியத்துக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திவிடுவார்கள், ரயிலும் நின்றுவிடும், பெரும்பாலான ஊர்களில் பஸ்ஸும் ஓடாது. இரண்டு வருஷத்துக்கு முன் இப்படிப் போய் வந்த ஒரு மாணவர் தன் செலவு நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முதல் வாரம், வெள்ளி: 0. சனி: 74 ஷெக்கல். ஆய்வகத்திலிருந்து கிளம்ப நேரமாகிவிட்டது, கடை பூட்டியிருந்தது, மறுநாள் திறந்திருந்த ஒரே உணவகத்தில் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கிறார். நாலாவது வாரத்தில் பாருங்கள், வெள்ளி: 52, சனி: 0. அந்த 52 ஷெக்கலில் மூன்று நாளைக்கான காய்கறி. கடை சாத்தும் அவசரத்தில் சந்தைக்காரர்கள் விலையைக் குறைத்துக் கூவுவார்கள் என்பதையும் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார். வெள்ளி காலையே பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அப்புறம், சனிக்கிழமை பகலில் விமானம் வேண்டாம். ரயில் இல்லாமல் டாக்ஸி பிடித்தால் 100 ஷெக்கலுக்கு மேல் வாங்குவார்கள்.

இனி நகை. கிளம்புவதற்கு முன் உங்களுக்கு வேண்டியது: டிக்கெட் சுமார் 70,000, விசா, இன்சூரன்ஸ், பெங்களூருவில் உள்ள இஸ்ரேல் துணைத் தூதரகத்துக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 20,000, முதல் ஸ்டைபண்ட் வரும்வரை கைச்செலவுக்கு 40,000 ரூபாய்க்கு டாலர். மொத்தம் 1,30,000. சேமிப்பு முழுவதையும் இதில் போட்டுவிட்டு 50,000 ரூபாய்க்கு மட்டும் நகையை வைக்கலாம் என்கிறார் அப்பா. வட்டி குறையும் என்பது அவர் எண்ணம், அது நியாயமானதும்கூட. வேறு நாடாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

இஸ்ரேலுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். 1,30,000 ரூபாயையும் நகையின் மேல் வாங்குங்கள். 80,000 சேமிப்பைத் தொடவே தொடாதீர்கள். அது உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பணம்.

2023 அக்டோபரில் போர் வெடித்தபோது விமான நிறுவனங்கள் அடுத்தடுத்து சேவையை நிறுத்தின. ஆபரேஷன் அஜய் என்ற பெயரில் நம் அரசு தனி விமானம் அனுப்பி இந்தியர்களை அழைத்துவந்தது. 2025 ஜூனில் ஈரானுடன் 12 நாள் சண்டை நடந்தபோது வான்வெளியையே மூடிவிட்டார்கள். அப்போது ஆபரேஷன் சிந்து மூலம் நம்மவர்கள் தரைவழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் போய், அங்கிருந்து விமானம் ஏறினார்கள். ஜூன் மாதம் என்றால் நீங்கள் போகவிருக்கும் அதே கோடைக்காலம். அரசு வந்து அழைத்துப்போகும் வரை காத்திருக்கவும் பணம் வேண்டும், அதற்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது என்று தோன்றினால் புது டிக்கெட்டுக்கும் பணம் வேண்டும். எல்லை தாண்டக் கட்டணம், எல்லை வரை வண்டிச் செலவு, வேற்று ஊரில் ஒரு ராத்திரி தங்கும் செலவு என்று அடுக்கிக்கொண்டே போகும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பயண இன்சூரன்ஸ் பாலிசிகளில் போரால் வரும் இழப்பு விலக்குப் பட்டியலில் இருக்கும். பாலிசி வாங்கும் முன் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது அப்பாவும் நீங்களும் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். காய்ச்சல், எலும்பு முறிவு, ஆஸ்பத்திரிச் செலவு, அதற்குத்தான் அந்த பாலிசி. அதற்காக அது கட்டாயம் வேண்டும்.

வட்டி எவ்வளவு கூடும்? வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், 1,30,000 ரூபாய்க்கு நாலு மாதத்தில் சுமார் 4,300 ரூபாய். அப்பா சொன்னபடி 50,000 மட்டும் வாங்கினால் சுமார் 1,700. வித்தியாசம் 2,600 ரூபாய்தான். பெண் தூர தேசத்தில் இருக்கும்போது, ராத்திரி 11 மணிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால் கணக்கில் 80,000 தயாராக இருக்கிறது என்ற நிம்மதிக்கு இந்த 2,600 கொடுக்கலாம். அந்த நேரத்தில் எந்த வங்கியும் நகையை எடைபோட்டுக் கடன் தராது. பணத்தை உடனே எடுக்கும்படி சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருங்கள். ஆனால் தெருமுனை அடகுக்கடைக்குப் போகாதீர்கள். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு அது 24 சதவீதம், இதே கடனுக்கு நாலு மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும்.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் இந்தப் பயணம் வீட்டுக்கு எவ்வளவு பாரம்? டிக்கெட், விசா வகையில் 90,000, வட்டி 4,300. அதில் உங்கள் மிச்சம் 62,500 கழிந்துவிடும். மீதி சுமார் 32,000 ரூபாய். கைச்செலவுக்குக் கொண்டுபோன 40,000 ஸ்டைபண்ட் வந்ததும் ஈடாகிவிடுவதால் அதுவும் திரும்பி வரும். ஆக நீங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கொண்டுவருவீர்கள், குறையும் 32,000 ரூபாயைத் தொடாமல் வைத்த சேமிப்பிலிருந்து எடுத்து, வந்த வாரமே நகையை மீட்டுவிடலாம்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வங்கிகள் தரும் பெரும்பாலான ஃபாரெக்ஸ் கார்டுகளில் ஷெக்கல் கிடையாது. டாலர் போட்டு, அங்கே தேய்க்கும்போது ஷெக்கலாக மாற ஒரு கட்டணம் பிடிப்பார்கள். எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். கொஞ்சம் ரொக்க டாலரும் வேண்டும். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, ஷெக்கலிலா என்று மிஷின் கேட்டால் எப்போதும் ஷெக்கலையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் மாற்றும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரி பற்றிக் கவலை வேண்டாம், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் என்றால் பிடிக்க மாட்டார்கள். பான் கார்டு மட்டும் கையில் இருக்கட்டும்.

ஸ்டைபண்ட் எந்த வழியில் வரும் என்று ஆய்வகத்திடம் இப்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். செக்கா, ரொக்கமா, உங்கள் இந்திய வங்கிக் கணக்குக்கா? கடைசி இரண்டு வாரப் பணம் நீங்கள் கிளம்பும் முன் கைக்கு வருமா? இதைக் கேட்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். 1,500 ஷெக்கல் உங்கள் உழைப்புக்கான பணம், தாராளமாகக் கேட்கலாம். அங்கே வங்கிக் கணக்கு தொடங்கச் சொன்னால், வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் வரி செலுத்தும் நிலையில் குடியிருப்பவர் வெளிநாட்டுக் கணக்கு வைத்திருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அதைக் காட்டியாக வேண்டும். 10 வாரக் கணக்குக்கும் இதே விதிதான். ஸ்டைபண்டுக்கு இந்தியாவில் வரி வராது. படிப்புக்கான உதவித்தொகைக்கு விலக்கு உண்டு, சம்பளம் என்றே வைத்தாலும் உங்கள் தொகை வரம்புக்குக் கீழேதான்.

டிக்கெட்டை விசா கைக்கு வந்தபிறகு, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில், நேராக விமான நிறுவனத்திடமே எடுங்கள். நாலைந்தாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. கிளம்பும் வாரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பாருங்கள். அங்கே போக வேண்டாம் என்று அதில் இருந்தால் போகாதீர்கள். இடத்தை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஆய்வகத்திடம் கேளுங்கள், இத்தனை நடந்தபிறகு அவர்களுக்கும் இது புரியும். போய் இறங்கியதும் டெல் அவிவில் உள்ள நம் தூதரகத்தில் உங்கள் பெயர், போன் நம்பர், தங்கும் முகவரி எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.

அம்மாவுக்கு வாங்க 150 ஷெக்கல் ஒதுக்குங்கள். ஊர் சுற்ற வைத்த 1,000-லிருந்தே எடுத்துக்கொள்ளலாம், நகைக் கணக்கில் கை வைக்க வேண்டியதில்லை. மெட்ஜூல் பேரீச்சம்பழம் அங்கேயே விளைவது, சதைப்பற்றாக இருக்கும், வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம், பெட்டியில் கெட்டும் போகாது. சந்தையிலேயே வாங்குங்கள், விமான நிலையத்தில் வேண்டாம். கிளம்பும் வாரத்து வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.