பேஸ்பாலில் வாழ்நாள் ஈஆர்ஏ கிப்சனுக்கு 2.91, பெட்ரோவுக்கு 2.93: இருவரும் சமமான பிட்சர்களா (பந்து வீசுபவர்களா)?

இல்லை. ஈஆர்ஏ என்பது, ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு; குறைவாக இருந்தால் நல்லது. அதை அந்தந்தக் காலத்து லீக் சராசரியோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாப் கிப்சன் 1968-இல் எடுத்த 1.12-ஐக் கேட்டால் இன்றும் மலைப்பாக இருக்கும். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் அவர் ஆடிய நேஷனல் லீக்கின் சராசரியே அந்த ஆண்டு 2.99தான். ரன்கள் அவ்வளவு வறண்டுபோனதால், பேட்டர்களுக்கு உதவ, அடுத்த சீசனிலேயே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

பெட்ரோ மார்ட்டினெஸ் 2000-இல் எடுத்தது 1.74. அப்போது அவர் ஆடிய இன்னொரு லீக்கான அமெரிக்கன் லீக்கின் சராசரி 4.91! அந்த லீக்கில் அவருக்கு அடுத்த இடத்தில் வந்த பிட்சர் ரோஜர் கிளெமென்ஸே 3.70-இல் நின்றார். என்னைக் கேட்டால் பெட்ரோவின் சீசன்தான் பெரிது.

லீக் சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தின் தன்மையையும் சேர்த்துக் கணக்கிடுவது ஈஆர்ஏ ப்ளஸ்; இதில் எண் கூடினால்தான் நல்லது. மொத்த வாழ்க்கைக்கும் பார்த்தால் கிப்சன் 127, பெட்ரோ 154.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கிப்சன் வீசியது 3,884 இன்னிங்ஸ், பெட்ரோ 2,827. அந்த உழைப்பு இந்த எண்ணில் தெரியாது. அதைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும்.