எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்து, ஆஸ்பத்திரியில் வேலையும் செய்துவிட்டு, கலியாணம் கட்டிக் கனடா வந்தேன். இங்கே டொக்டர்மாருக்கான எம்சிசி (கனடா மருத்துவக் கவுன்சில்) முதல் பரீட்சை பாஸ். ஆனால் டொக்டராவதற்கான ரெசிடென்சிப் பயிற்சி இடம் இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை. டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் படிக்கச் சொல்கிறார் கணவர். இவ்வளவு படித்துவிட்டு எக்செல் தட்டிக்கொண்டிருப்பதா என்று அழுகையாக வருகிறது. உரும்பிராயில் இருக்கிற அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கணினி மொழிகளில் எஸ்கியூஎல் படிப்பதா, பைதன் படிப்பதா? எந்தக் கோர்ஸ் நல்லது?

ஒரு வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள தங்கச்சி,

எஸ்கியூஎல்லில் தொடங்குங்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகள் அட்டவணைகளாகத்தான் கிடக்கும், அவற்றிலிருந்து வேண்டியதை எடுக்க அதுதான் வழி. பைதன் பிறகு வரட்டும். மூன்று மாதத்தில் வேலை நிச்சயம் என்று ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கிறவர்களிடம் போகவேண்டாம். ரெசிடென்சிக்கு இன்னொருமுறை போடுவதா என்பதை நீங்களும் கணவரும் இருந்து பேசுங்கள்.

ஆனால் 'எக்செல் தட்டிக்கொண்டிருப்பதா' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

1995 ஒக்டோபர் கடைசியில் இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமம் இரவோடிரவாக எழும்பி, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். விடாத மழை. ஒரு கிணற்றை நம்பி நூற்றுக்கணக்கான சனம். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது, மருந்துக்கோ தட்டுப்பாடு. அங்கே வந்துபோன இளம் டொக்டர் ஒருவர் கையில் எப்போதும் ஒரு சீஆர் கொப்பி இருக்கும். எத்தனை தரம் போனது என்று கேட்க முதலே, "எந்தக் கிணத்தில தண்ணி அள்ளுறனீங்கள்?" என்று கேட்பார். பெயர், வயது, கிணறு, திகதி என்று கோடு போட்டு எழுதுவார். ஒருநாள் பின்னேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மலசலகூடத்துக்குக் கிட்ட இருந்த கிணற்றின் துலாக்கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சனம் ஏசியது. பிறகு புதிதாகப் படுக்கிற பிள்ளைகள் குறைந்தார்கள். 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ வாந்திபேதிச் சாவுகளை வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து, புரோட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் இதே வேலைதான்.

கொப்பி தூக்கினார் என்பதற்காக அவரை டொக்டர் இல்லை என்பீர்களா?

கனடாவில் வெறுவயிற்று இரத்தச் சீனி 7 என்று எழுதுவார்கள். எங்கள் ஊரில் அதே சீனி வேறு அலகில் 126. இரண்டு அலகும் கலந்து கிடக்கிற கோப்பை வெறுமனே கணினி படித்த பெடியனிடம் கொடுத்தால் சராசரி எடுத்துவிட்டுப் போய்விடுவான். உங்களுக்குப் பார்த்தவுடனே உறுத்தும். இரத்த அழுத்தம் 0 என்றிருந்தால் யாரோ அளக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரியும். வார்ட்டில் கால் கடுக்க நின்ற ஆளுக்குத்தான் அந்தக் கண் வரும். அதை வைத்துக்கொண்டு தகுதி குறைந்த வேலை என்று அழுகிறீர்கள்!

எங்கள் ஊர் பழக்கிவிட்ட பழக்கம் இது. உயர்தரத்தில் பயோ, பயோ என்றால் டொக்டர், இல்லாவிட்டால் தோற்ற பிள்ளை. 2024 டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சனம் செத்தபோது ஊரே பயந்துபோய் இருந்தது. பரிசோதனையில்தான், எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரால் தொற்றுகிற எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. யார் வயலில் இறங்கினார், காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று அடுக்கிப் பார்க்கிற டொக்டர்மார் எங்களுக்கு இன்னும் வேண்டும். அவர்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள், மாப்பிள்ளை கொடுப்பார்கள் என்று பார்க்கிற ஊரில் யார் அந்தப் பக்கம் போவார்கள்?

அம்மாவுக்கு மறைப்பது பிழை. இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், இரண்டு நாளில் அவவே திரும்ப எடுப்பா. வங்கி, காப்புறுதி என்று அலையாமல் ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுச் சுகாதாரப் பிரிவுகளுக்கும் விண்ணப்பியுங்கள். படிப்புக் கூடிப்போச்சு என்று தள்ளிவிடுவார்கள், எம்பிபிஎஸ்ஸை எடுத்துவிடு என்று யாராவது புத்தி சொன்னால் கேட்கவேண்டாம். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அது இருக்கட்டும்.