எடை குறைந்தும் கல்லீரல் கொழுப்பு குறையாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் 168 செ.மீ. மது, புகை இரண்டும் கிடையாது. பரிசோதனையில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்தது. கல்லீரல் நொதிகளான எஸ்ஜிபிடி 62, எஸ்ஜிஓடி 41, பிளேட்லெட் 2,30,000, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9. காலை உணவை விட்டுவிட்டு, தினமும் 45 நிமிடம் நடந்து, நான்கு மாதத்தில் 67 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் இடுப்பு 93 செ.மீ.யிலேயே நிற்கிறது. பேன்ட் தொடைப் பக்கம்தான் தொளதொளக்கிறது. ஸ்கேனில் மாற்றமே இல்லை. தசை குறைந்தாலும் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்கிறார்களே, உண்மையா? எடை தூக்கினால் கல்லீரலுக்குக் கெடுதலா?

பதில்: உண்மைதான். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய விஷயம் தொடை. இடுப்பு அசையாமல் தொடை இளைக்கிறது என்றால், போன 3 கிலோவில் நல்ல பங்கு தசையாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கும்போது, குறைவதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருப்பது வழக்கம். புரதமும் போதாமல், தசைக்கு வேலையும் கொடுக்காமல் இருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். உயரத்துக்கு எடை சரியா என்று சொல்லும் பிஎம்ஐ 22.7 என்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனால்தான் கூடுதல் எடை. ஆனால் இடுப்பு 90 செ.மீ.யைத் தாண்டிய தெற்காசிய ஆணுக்கு எடை சரியாக இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்றே கணக்கு.

தசைக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் உள்ளே தள்ளும்போது, அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். வளர்ந்த ஒருவரின் தசைகள் சுமார் 400 கிராம் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமித்துக்கொள்ளும். கல்லீரலால் சுமார் 100 கிராம்தான் முடியும். தசை சிறுத்துப்போனாலோ, இருக்கிற தசை இன்சுலினுக்கு மசியாவிட்டாலோ, அந்தச் சர்க்கரை கல்லீரல் பக்கம் திரும்புகிறது. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. கல்லீரல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வேலையை அந்த இன்சுலினே முடுக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், இன்சுலினுக்கு அடங்காத வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்களும் வந்து சேர்கின்றன. கல்லீரலுக்குப் போகும் கொழுப்பில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழியாகத்தான் வருகிறது. அதனால் தசையைக் கூட்டுவதோடு இடுப்பையும் குறைக்க வேண்டும்.

இது இருவழிப் பாதை. கொழுப்பேறிய கல்லீரல் உண்டாக்கும் அழற்சி தசையை மேலும் அரிக்கும். தசையின் அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம்: நார்களுக்கு நடுவே கொழுப்பு படிந்த தசை பார்க்கப் பருமனாக இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. ஆகவே, ஏறி நின்றால் ‘தசை இத்தனை சதவீதம்’ என்று காட்டும் கருவியை நான் அவ்வளவாக நம்புவதில்லை; உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் மாறிவிடும். பலத்தைச் சோதிப்பது மேல்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, முழங்கால் உயரமுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்காருங்கள். கையை ஊன்றாமல் ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் கடிகாரத்தை நிறுத்துங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசைத்திறன் குறைவு. அடுத்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் தோலை அழுத்தாமல் டேப்பைச் சுற்றுங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. இவற்றுக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. மருத்துவமனையில் கைப்பிடி வலிமை பார்க்கச் சொல்லுங்கள்: ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. ‘கிரேடு 2’ என்பது கொழுப்பின் அளவைச் சொல்கிறது, தழும்பைச் சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, ஆயிரத்தில் எழுதிய பிளேட்லெட் எண்ணையும் (உங்களுக்கு 230) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 1.04 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 1.3-ஐத் தாண்டியிருந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். சர்க்கரை நோயின் முன்நிலையில் இருப்பதால் (5.9) இந்தக் கணக்கை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒல்லியானவருக்குக் கொழுப்புக் கல்லீரல் வந்தால், ஹெபடைட்டிஸ் பி, சி, தைராய்டு பரிசோதனைகளையும் ஒருமுறை செய்துவிட வேண்டும். ஸ்டீராய்டு, டமாக்சிஃபென், அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து எதையாவது எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி, பயிற்சி. நடையை விடாதீர்கள். அது கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். தசையைக் கட்டித் தராது. பளு பயிற்சி, எடை குறையாவிட்டாலும்கூட, கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. 8 வாரத்திலேயே இருந்த கொழுப்பில் 13 சதவீதம் குறைந்ததைக் காட்டிய ஆய்வு உண்டு. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரிலோ மேசை விளிம்பிலோ கையூன்றித் தண்டால், ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி வயிற்றை நோக்கி இழுப்பது, முதுகை வளைக்காமல் இடுப்பில் மட்டும் மடங்கி, கனமான பையைத் தூக்கி நிமிர்வது, குதிகாலை உயர்த்துவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று, நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறைதான் செய்ய முடியும் என்ற நிலையில் சுற்றை முடியுங்கள். 12 முறை செய்த பிறகும் இன்னும் பல முறை எளிதாகச் செய்ய முடிந்தால், எடை போதவில்லை.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: அதே பையை, அதே எண்ணிக்கையில், ஆறு மாதம் தூக்குவார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எல்லாச் சுற்றிலும் 12-ஐத் தொட்டால் எடையைக் கொஞ்சம் கூட்டியே ஆக வேண்டும். உடலின் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன. கையை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் கல்லீரலுக்குப் பலன் சொற்பமே. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், இரத்த அழுத்தம் திடீரென ஏறும். இதய நோய் உள்ளவர்கள் முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை உணவை விட்டது உங்களுக்குப் பொருந்தவில்லை. புரதம் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வேண்டும். உங்களுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 80 கிராம். இரண்டு வேளையில் இதை எட்டுவது கடினம், மூன்று வேளைக்கும் 25 கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல், வேகவைத்த பயறு அல்லது கடலை 100 கிராமில் 8 கிராம் அளவில், சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். குறைக்க வேண்டியவை சர்க்கரை பானங்களும் பழச்சாறும், தட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும் மாவுச்சத்தும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இந்தப் புரத அளவு பொருந்தாது. புரதப் பவுடர் கட்டாயமில்லை. உடலைக் கட்டுமஸ்தாக்கும் என்று விற்கும் மாத்திரைகளும் ஊசிகளும் வேண்டவே வேண்டாம், அவற்றில் கலந்திருக்கக்கூடிய அனபாலிக் ஸ்டீராய்டு கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும்.

எடை தூக்குவதால் கல்லீரல் கெடாது. ஆனால் பரிசோதனை அறிக்கை ஏமாற்றலாம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலும் உண்டு. புதிதாகப் பளு தூக்கியவருக்கு ஒரு வாரமாவது ஏறியே இருக்கலாம். இதைப் பார்த்துப் பயந்து பயிற்சியை நிறுத்தியவர்கள் பலர். இரத்தம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே கடும் பயிற்சியை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் தசை நொதியான சிபிகே, கல்லீரல் நொதியான ஜிஜிடி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: சிபிகே ஏறி ஜிஜிடி சரியாக இருந்தால் பெரும்பாலும் அது தசையிலிருந்து வந்தது.

உங்கள் உடல்வாகுக்கு 3 முதல் 5 சதவீத எடைக் குறைப்பே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கப் போதும். அதை ஏற்கெனவே எட்டிவிட்டீர்கள், ஆனால் தவறான இடத்திலிருந்து. இனி எடை இயந்திரத்தை ஓரம் வைத்துவிட்டு இடுப்பு, கெண்டைக்கால், நாற்காலி விநாடி மூன்றையும் மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். எஸ்ஜிபிடியை மூன்று மாதம் கழித்தும் ஸ்கேனை ஆறு மாதம் கழித்தும் பாருங்கள். அல்ட்ராசவுண்டுக்குச் சிறு மாற்றங்கள் தெரியாது என்பதால் அதற்கு முன் எடுப்பது வீண். கண் மஞ்சளானாலோ, வயிறு நீர் கோத்து உப்பினாலோ, முயலாமலே எடை இறங்கினாலோ இந்தத் தவணைகளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.