டெஸ்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் முடியவில்லை

முதலில் உங்கள் கடிதத்தின் கடைசி வரி. "ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது, அதை விடுங்கள் டாக்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி விடுவது அம்மா? தலைபாரம், பிடரி எரிச்சல், வாயு, கை கால் மரத்துப்போவது, படபடப்பு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, நான் பயப்படவேண்டிய ஒரே விஷயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எப்படிப் போவது என்று யோசிக்கிற அளவுக்கு அந்த நினைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதீர்கள், நேராகப் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டிலிருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும்.

சரி, மற்றதுக்கு வருவோம். ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, தலைக்கு எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். மூளையில் கட்டி கிடையாது, யூடியூபை மூடிவையுங்கள். கழுத்து எக்ஸ்ரேயில் 'எலும்பு தேய்மானம்' வந்ததாம். 46 வயதில் வலியே இல்லாத பலருக்கு எடுத்தாலும் அது தெரியும்.

உங்களை உறுத்துவது, பார்த்த டாக்டர் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதியதுதான். நடிக்கிறேன் என்கிறாரா, பைத்தியம் என்கிறாரா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. வலி நிஜம். விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு, அப்புறம் தூக்கமில்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, மகள் போன் செய்தால்கூட எடுக்கப் பிடிக்கவில்லை என்று நடுவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது இரண்டு வாரம் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்கவேண்டும், உங்களுக்கோ எட்டு மாதமாகிறது. 'மனசு சரியில்லை' என்று சொல்லி எங்கள் ஓ.பி.யில் சீட்டு வாங்குகிறவர் அபூர்வம். வாயு, அசதி, உடம்பெல்லாம் வலி என்றுதான் வருவார்கள். படபடப்பு வரும்போது விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதவென்று ஆகிறது என்கிறீர்களே, பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் அப்படித்தான் இருக்கும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்த்ததாக எழுதவில்லை. பார்த்துவிடுங்கள் (பி12 ஏனென்றால் கேஸுக்கென்று வருஷக்கணக்கில் பான்டோபிரசோல் போடுகிறீர்கள், அது பி12-ஐக் குறைக்கலாம்). அதோடு டெஸ்ட் போதும்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலத்தை மெடிக்கலில் வாங்கி ஆறு மாதமாகத் தினமும் ராத்திரி போட்டிருக்கிறீர்கள். அது தூங்கவைக்கும், மனச்சோர்வைத் தீர்க்காது, உடம்புக்குப் பழகிப்போய்விடும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடவும் கூடாது, திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைக்க அந்த மனநல மருத்துவரே வழி சொல்வார். மனச்சோர்வுக்கு அவர் எழுதுகிற மாத்திரை வேறு வகை, தூக்க மாத்திரை மாதிரி ஆளை அடிமையாக்காது, ஆனால் வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். முதல் வாரம் கொஞ்சம் குமட்டும், அதற்காக விட்டுவிட்டு அடுத்த டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

"எல்லாம் நினைப்பு" என்கிற கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போடுகிற மாத்திரை அட்டைகளை, கடையில் நீங்களாக வாங்கியது உட்பட, ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.